பிடிமண்ணும் பெர்மிட்டும்

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமங்களில் "பையன் வெளிநாட்டுல இருக்கான்" என்று ஒருவர் சொன்னால், அடுத்து வரும் கேள்வி "எப்ப வர்றான்?" என்பதுதான். எந்த நாடு, என்ன வேலை என்பதெல்லாம் அதற்குப் பிறகு. போனவர் திரும்பி வந்துவிடுவார் என்பதில் கேட்பவருக்கும் சந்தேகமில்லை, சொல்பவருக்கும் சந்தேகமில்லை. சிங்கப்பூர்க் கட்டடத்தில் கம்பி கட்டினாலும், துபாயில் லாரி ஓட்டினாலும், ஊர்க் கணக்கில் அவர் இங்கே இருப்பவர்; வேலைக்கு மட்டும் அங்கே போயிருக்கிறார்.

ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் இதே சீமையிலிருந்து கரீபியனுக்குக் கப்பலேறியவர்களைப் பற்றி யாரும் அப்படிக் கேட்டிருக்க முடியாது. அவர்களில் பெரும்பாலோர் திரும்பவே இல்லை. அப்படிப் போனவர்களின் வழித்தோன்றல்கள் இன்று மேற்கிந்தியத் தீவுகளில் மேயர்களாக, வழக்கறிஞர்களாக, கிரிக்கெட் வீரர்களாக இருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, மாரியம்மனைத் தெரியும். இன்று போகிறவரோ தமிழை மறப்பதில்லை, குலதெய்வத்துக்கு ஆண்டுதோறும் பணம் அனுப்பத் தவறுவதில்லை. ஆனால் இருபது ஆண்டு உழைத்த நாட்டில் ஒரு நாள்கூட அந்த ஊர்க்காரர் ஆவதில்லை.

புது நாட்டில் ஒருவர் ஒட்டிக்கொள்வது அவருடைய மனப்பான்மையையும் சாமர்த்தியத்தையும் பொறுத்தது என்று பொதுவாகப் பேசுகிறோம். குடியேற்ற வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அவருடைய கையிலிருந்த காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பதே பெரும்பாலும் முடிவு செய்திருக்கிறது.

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இடைப்பட்ட நிலத்தின் பெரும்பகுதி மானாவாரி. கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும், செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயமும், ஜெயங்கொண்டம் ஆண்டிமடம் பக்கம் முந்திரியும் விளைகின்றன. அரியலூரின் சுண்ணாம்புக்கல் சிமென்ட் ஆலைகளைக் கொண்டுவந்தது. சுரங்கத்துக்கு நிலத்தையும் எடுத்துக்கொண்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தவர்கள் 5,65,223 பேர், அரியலூரில் 7,54,894 பேர். அன்றைய தமிழ்நாட்டு மாவட்டங்களில் மக்கள்தொகை மிகக் குறைந்தது பெரம்பலூர்தான். 1995 வரை இரண்டுமே திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குள் இருந்தவை. அரியலூர் 2001-இல் தனியாகி, அடுத்த ஆண்டே பெரம்பலூரோடு திரும்பச் சேர்க்கப்பட்டு, 2007-இல் மறுபடி பிரிந்தது. ஆகவே பழைய குடிபெயர்வு ஆவணங்களில் இந்த மண்ணின் ஆட்களைத் தேடுகிறவர் 'திருச்சினாப்பள்ளி ஜில்லா' என்ற தலைப்பின் கீழ்தான் தேடவேண்டும்.

ஆள் அனுப்புவதில் அந்த ஜில்லா பேர்போனது. இலங்கைத் தோட்டத் துரைமார் ஆள்சேர்ப்புக்கென்று 1904-இல் ஓர் ஆணையம் அமைத்தபோது அதன் தலைமையகத்தைக் கொழும்பில் வைக்கவில்லை, திருச்சியில் வைத்தார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களின் கங்காணிகளும் இங்கே வந்து போனார்கள். இவற்றுக்கெல்லாம் முந்திய, இன்று ஊரில் யாருக்கும் நினைவில் இல்லாத இன்னொரு பாதை உண்டு. அது காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கிளம்பி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கரீபியன் கடலுக்குப் போனது.

1848 ஏப்ரலில் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களில் பலர் பழைய எஜமானின் கரும்புக் காட்டுக்குத் திரும்ப மறுத்தார்கள். அந்த இடத்தை நிரப்பத் தமிழ்நாடு கண்ணில் பட்டது. 1853 மே 6-ஆம் தேதி ஒரேலி என்ற கப்பல் முதல் கூட்டத்தை மார்த்தினிக் தீவில் இறக்கியது. மறு ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அதே கப்பல் குவாதலூப் தீவுக்கு வந்தது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேரும் மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும் இந்தியாவிலிருந்து கொண்டுபோகப்பட்டார்கள். புதுச்சேரியும் காரைக்காலும் கையளவு ஊர்கள். இத்தனை பேரை அவற்றால் எப்படித் தரமுடியும்? தென் ஆற்காடு, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஜில்லாக்களிலிருந்து, அதாவது பிரிட்டிஷ் எல்லைக்குள்ளிருந்து, தரகர்கள் ஆட்களைக் கடத்தி வந்தார்கள். இந்தக் கள்ள வழியை 1861-இல் இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டுச் சட்டபூர்வமாக்கின. தோட்டங்களில் நடந்த கொடுமைகளும் சாவுகளும் வெளியே தெரியவந்தபின் 1888-இல் பிரிட்டன் அந்த ஏற்பாட்டை நிறுத்தியது.

ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்கானது. முடிந்ததும் ஊர் திரும்பக் கப்பல் உண்டு என்பது பேச்சு. கப்பல் எப்போது வரும், அதுவரை என்ன செய்வது என்பதைத் தோட்டக்காரர் முடிவு செய்தார். பலர் மறு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துத் தங்கிப்போனார்கள்.

தங்கியவர்கள் எதை விட்டார்கள், எதை விடவில்லை என்பதுதான் இந்தக் கதையில் ருசியான பகுதி. மொழி போயிற்று. தோட்டம் தோட்டமாகச் சிதறிக் கிடந்தவர்களுக்குக் கிரியோல் பேசாமல் பிழைப்பு நடக்கவில்லை. பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளி இழுத்துக்கொண்டது. 1880-களுக்குப் பிறகு ஊரிலிருந்து புது ஆள் வரத்தும் நின்றது. பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் உருமாறின. ஆனால் தெய்வங்கள் போகவில்லை. மார்த்தினிக்கின் வடக்கே பாஸ்-புவாந்த் பகுதியிலும் குவாதலூப்பின் காப்பெஸ்தேரிலும் மாரியம்மனுக்கும் மதுரை வீரனுக்கும் இன்றும் கிடா வெட்டுகிறார்கள். தப்பு முழங்க, பூசாரி அரிவாள் விளிம்பில் ஏறி நின்று அருள்வாக்குச் சொல்கிறார். நாகூர் ஆண்டவருக்குக் கொடிமரம் நடுகிறார்கள்; நடுகிறவர்கள் இந்துக்கள். விடிய விடிய நடக்கும் கூத்தில் மதுரை வீரன் கதை பிரெஞ்சுத் தீவில் நீண்ட காலம் ஆடப்பட்டது. நம்மூரில் ஆகம வழிக்கு மாறிவிட்ட எத்தனையோ அம்மன் கோயில்களைவிட அந்தத் தீவின் கோயில்கள் 1860-களின் பெரம்பலூர்ச் சீமைக்கு நெருக்கமாக இருக்கலாம். ஊரை விட்டுப் போகிறவர் பிடிமண் எடுத்துப்போய்ப் புது இடத்தில் சாமியை நிலைநிறுத்துவது இந்தப் பக்கத்து வழக்கம். கரீபியனில் அந்த வழக்கம் பள்ளிக்கூடத்தையும் பாதிரியாரையும் தாண்டி வென்றிருக்கிறது.

கோயில் மட்டும் போதுமா? போதவில்லை. குவாதலூப்பில் பிறந்து வளர்ந்த இந்திய வம்சாவளியினருக்கு இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகும் ஓட்டுரிமை இல்லை. அவர்கள் பிரெஞ்சுக்காரர்களும் அல்ல, இந்தியக் கூலிகளும் அல்ல என்ற அந்தரத்தில் நின்றார்கள். காப்பெஸ்தேரில் 1863-இல் பிறந்த ஹென்றி சிதம்பரம் இதை 1904-இல் வழக்காக்கினார். அரசுத் தரப்பு இழுத்தடித்தது. பத்தொன்பது ஆண்டு கழித்து, 1923-இல் பிரெஞ்சுக் குடியுரிமை கைக்கு வந்தது. அதன்பிறகுதான் தோட்டத்துக்கு வெளியே அவர்களுடைய வாழ்க்கை நிமிர்ந்தது. எர்னெஸ்ட் முத்துசாமி பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் குவாதலூப்பின் உறுப்பினராகவும் சேன்-பிரான்சுவா நகரின் மேயராகவும் இருந்தது அந்தக் காகிதத்தின் நீட்சி. சிதம்பரம் வழக்கு நடத்திய காலத்தில் தமிழ் ஏற்கெனவே வீட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும். கலந்துபோனதற்குப் பரிசாக உரிமை கிடைக்கவில்லை. கலந்துபோன பிறகும் அதை நீதிமன்றத்தில் பறிக்க வேண்டியிருந்தது.

பிரிட்டிஷ் கயானாவில் கதை சற்று வேறு. 1838 முதல் 1917 வரை அங்கே போன 2,38,909 இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் கல்கத்தாவில் ஏறிய போஜ்புரிக்காரர்கள். சென்னையில் ஏறியவர்கள் சிறு கூட்டம். அவர்களுக்கு 'மதராசி' என்ற பட்டம். வெள்ளைக்காரருக்குக் கீழே இந்தியர், இந்தியருக்குள்ளே கீழே மதராசி. மதராசிகளின் கிடா வெட்டும் காளி மாயி பூசையை வடநாட்டு இந்து அமைப்புகள் காட்டுமிராண்டித்தனம் என்று ஒதுக்கின. ஆக, அந்தத் தமிழர்கள் இரண்டு முறை ஒத்துப்போகக் கற்றார்கள். அப்படியும் பெர்பீஸ் கடற்கரையில் ஆல்பியன் வட்டாரத்துக் கோயில்கள் தாக்குப்பிடித்தன. பொருள் தெரியாமலேயே தமிழ்ப் பாட்டைப் பூசாரிகள் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றினார்கள். பெர்பீஸின் விம் கிராமத்தில் பிறந்த மோசஸ் வீராசாமி நாகமுத்து 2015 முதல் 2020 வரை கயானாவின் பிரதமர். மேற்கிந்திய அணிக்காக 2012-இல் டெஸ்ட் ஆடத் தொடங்கிய சுழற்பந்து வீச்சாளரின் பெயர் வீராசாமி பெருமாள். ஸ்கோர் கார்டில் அந்தப் பெயரைப் பார்த்த தமிழ்நாட்டு ரசிகர்களில் எத்தனை பேர் இதை யோசித்திருப்பார்கள்?

கரீபியன் தீவுகளிலிருந்தும் மக்கள் அடுத்த ஊருக்குக் கிளம்பினார்கள். 1948 ஜூன் 22-ஆம் தேதி எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் லண்டனுக்கு அருகே டில்பரி துறைமுகத்தில் 800-க்கும் மேற்பட்ட கரீபியன் வாசிகளை இறக்கியது. இவர்களுக்கு ஆங்கிலம் தெரியும். கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். பள்ளியில் படித்ததெல்லாம் இங்கிலாந்து வரலாறு. தாய்நாட்டுக்குப் போகிறோம் என்றே போனார்கள். லண்டன் போக்குவரத்துக் கழகம் 1956-இல் பார்படோஸுக்கே போய் ஆள் எடுத்தது. வேலை கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. கறுப்பருக்கு வாடகைக்கு இல்லை என்று சன்னலில் பலகை வைத்தார்கள்.

இந்த வாழ்க்கையை நாவலாக்கியவர் சாம் செல்வன். 1923-இல் டிரினிடாடில் பிறந்தவர். தந்தை மதராஸிலிருந்து குடியேறியவர், தாய்வழிப் பாட்டனார் ஸ்காட்லாந்துக்காரர். 1950-இல் லண்டன் வந்து, கொஞ்ச காலம் இந்தியத் தூதரகத்திலேயே குமாஸ்தா வேலை பார்த்தார். 1956-இல் வெளியான அவருடைய 'தி லோன்லி லண்டனர்ஸ்', குளிரும் ஒற்றை அறையும் வேலை தேடலுமாகத் திரியும் மேற்கிந்தியர்களை அவர்களுடைய பேச்சுமொழியிலேயே எழுதியது. தமிழரின் மகன் கரீபியன் ஆங்கிலத்தில் லண்டனை எழுதியிருக்கிறார் என்பதைத் தமிழ் இலக்கிய உலகம் இன்னும் போதுமான அளவு கவனிக்கவில்லை.

வங்கி கடன் தராதபோது அந்த மேற்கிந்தியர்கள் செய்த காரியம் பெரம்பலூர்ப் பெண்களுக்கு உடனே புரியும்: சீட்டுப் பிடித்தார்கள். ஜமைக்காக்காரர் 'பார்ட்னர்' என்பார், டிரினிடாட்காரர் 'சூசூ' என்பார். மாதம் ஒருவர் எடுக்கும் அதே குலுக்கல் கணக்கு. லண்டனில் பல குடும்பங்களின் முதல் வீடு அப்படி வாங்கியது. 1958-இல் நாட்டிங் ஹில்லில் வெள்ளைக் கும்பல்கள் அவர்களை அடித்தபின், செயற்பாட்டாளர் கிளாடியா ஜோன்ஸ் மறு ஆண்டு சனவரியில் ஒரு மண்டபத்தில் கார்னிவல் நடத்தினார். அந்த மரபின் தொடர்ச்சிதான் இன்று லண்டனையே நிறைக்கும் தெருத் திருவிழா. ஓட்டு இருந்ததால் அடி வாங்கியவர்கள் அரசியலும் பேச முடிந்தது. 1965-இல் இனப் பாகுபாட்டுக்கு எதிரான முதல் சட்டம் வந்தது. அதற்கு முன்பே, 1962-இல் குடியேற்ற வாசல் பாதி மூடப்பட்டிருந்தது.

கதை அங்கே முடியவில்லை. 2018-இல் 'விண்ட்ரஷ் தலைமுறை' என்ற சொல் பிரிட்டிஷ் செய்திகளில் வேறு காரணத்துக்காக நிறைந்தது. குழந்தையாக வந்து பல பத்தாண்டுகள் வரி கட்டியவர்களிடம், இங்கே இருக்க உரிமை உண்டு என்பதற்கு ஆதாரம் எங்கே என்று அரசு கேட்டது. அவர்கள் வந்திறங்கியதற்கான பழைய சீட்டுகளை 2010-இல் அதே அரசின் துறைதான் அழித்திருந்தது. வேலை, வீடு, மருத்துவம் எல்லாம் பறிபோயின. குறைந்தது 83 பேர் தவறாக நாடுகடத்தப்பட்டார்கள். உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார். மொழி, உடை, உணவு, கிரிக்கெட் எல்லாவற்றிலும் ஒத்துப்போன சமூகத்தையே ஒரு காகிதம் இல்லாமை அந்நியராக்க முடிந்தது.

விண்ட்ரஷ் கரை சேர்ந்த அதே 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். பிறந்தது தேயிலைத் தோட்டத்தில். 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. (1956 நவம்பரில் அரியலூர் ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று அமைச்சர் பதவி துறந்தாரே, அதே சாஸ்திரிதான்.) 'தாயகம் திரும்பியோர்' என்று அரசு அழைத்தவர்களை ஊர் 'சிலோன்காரர்' என்றது. இவர்களுக்கு மொழியில் சிக்கலில்லை. நிலம் கிடையாது, சொந்தபந்தம் அறுந்துபோயிருந்தது, சாதிக் கணக்கில் எங்கே உட்கார வைப்பது என்று ஊருக்கும் தெரியவில்லை. மலேசியாவில் தங்கியவர்கள் பலருக்கு குடிமகனுக்கான நீல அட்டைக்கும் நிரந்தரவாசிக்கான சிவப்பு அட்டைக்கும் இடையே ஆயுள் கழிந்தது.

இனி இன்றைய பாதை. திருச்சி விமான நிலையத்தை உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகளே வாழவைக்கிறார்கள். 2024 சனவரியில் அங்கே புது முனையம் திறக்கப்பட்டதே இந்த வரத்தை நம்பித்தான். சிங்கப்பூர்க் கட்டுமான வேலைக்குப் போக விரும்பும் இளைஞர் முதலில் இங்கேயே பயிற்சி மையத்தில் சேர்ந்து 'டெஸ்ட் அடிக்க' வேண்டும். கம்பி கட்டுதலோ, டைல்ஸோ, பைப் வேலையோ, தேர்ச்சி பெற்ற சான்றிதழ் இல்லாமல் வேலை பெர்மிட் இல்லை. பயிற்சிக் கட்டணம், ஏஜென்ட் கமிஷன் எல்லாம் சேர்ந்து லட்சக்கணக்கில் போகும். அதை நகையோ நிலமோ வட்டிக்கடனோ தரும். முதல் ஓராண்டுச் சம்பளம் அதை அடைக்கவே சரியாகிவிடுவதுண்டு.

போய்ச் சேரும் ஊரில் தமிழ் ஆட்சிமொழி. ரயிலில் தமிழ்ப் பலகை, தீபாவளிக்கு விடுமுறை, தேக்கா எனும் லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு, கோயில்களில் தைப்பூசக் காவடி. குவாதலூப்பில் இறங்கியவருக்கு இதில் நூற்றில் ஒன்றும் கிடைக்கவில்லை. அப்படியிருந்தும் பெர்மிட்காரர் அந்த நாட்டில் வேர் விடக் கூடாது என்பதைச் சட்டமே பார்த்துக்கொள்கிறது. மனைவி மக்களை அழைத்துவர முடியாது. அதற்கு மாதம் 6,000 வெள்ளி சம்பளமும் வேறு வகைப் பாஸும் வேண்டும். மனிதவள அமைச்சின் அனுமதியில்லாமல் சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ மணக்கக் கூடாது. பெர்மிட் முடிந்துபோன பிறகும் இந்தத் தடை தொடரும். தங்குவது நகரத்தின் விளிம்பிலுள்ள டார்மிட்டரியில். வேலையிடத்துக்குப் பலர் லாரியின் பின்புறத்தில் போகிறார்கள்.

இந்த ஏற்பாட்டின் உட்புறம் 2020-இல் உலகத்துக்குத் தெரிந்தது. கொரோனா டார்மிட்டரிகளுக்குள் புகுந்தபோது அவை பூட்டப்பட்டன. அங்கே இருந்த சுமார் 3,23,000 தொழிலாளர்களில் 47 சதவீதத்தினருக்கு அந்த ஆண்டு முடிவுக்குள் தொற்று ஏற்பட்டிருந்தது என்று அரசே கணக்குக் கொடுத்தது. நகரத்தின் மற்ற மக்களிடையே பரவல் அதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. அதற்கு முன்பு, 2013 டிசம்பர் 8-ஆம் தேதி தேக்காவில் ஒரு தமிழ்த் தொழிலாளர் பேருந்தில் அடிபட்டு இறந்ததும் கலவரம் வெடித்தது. வழக்கு, விசாரணைக் குழு, மதுக் கட்டுப்பாடு எல்லாம் வந்தன. 57 பேர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நாட்டிங் ஹில் வாசிகளிடம் இருந்த ஓட்டு இவர்களிடம் இல்லை என்பதே இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் உள்ள வித்தியாசம். இத்தனைக்கும் அந்த நகரத்திலேயே மனசாட்சியுள்ள ஆட்கள் இருக்கிறார்கள். அடிபட்டு, வழக்கு முடியும்வரை சம்பளமின்றி நிற்கும் தொழிலாளர்களுக்கு 2008 முதல் தேக்காவில் இலவசச் சாப்பாடு போடுகிறது டிடபிள்யூசி2 என்ற தொண்டு அமைப்பு.

வளைகுடாவைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. வெள்ளாற்றுப் பக்கத்து லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் வளைகுடா சம்பாத்தியம் வீட்டு முகப்பிலேயே தெரியும். இங்கே ஜமாத்தும் உறவுமே ஏஜென்ட். முன்னே போனவர் பின்னே வருகிறவருக்கு அறையும் வேலையும் பார்த்து வைப்பார். அந்த வலை இல்லாமல் தனியாகப் போகிறவர்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார். 2024 ஜூனில் குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்து குறைந்தது 45 இந்தியர்கள் இறந்தார்கள். அவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள்.

இந்த மாவட்டங்களே வந்தவருக்கு இடம் கொடுக்கும் ஊராகவும் இருக்கின்றன. அதில் மூத்தவர் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர். கொள்ளிடக் கரை ஏலாக்குறிச்சியில் மாதாவுக்குக் கோயில் எழுப்பி, காவி உடுத்தி, தமிழில் அகராதியும் காப்பியமும் எழுதினார். புது மண்ணோடு கலப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது என்பார்கள். அவருக்குப் பாளையக்காரர், நவாபு தரப்பு ஆதரவும் இருந்தது என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் உதாரணம் முழுமையாகும். இன்று சிமென்ட் ஆலைகளில் மூட்டை ஏற்றும் பீகார், ஒடிசா தொழிலாளருக்கு அப்படி யாருமில்லை. 'ஹிந்திக்காரங்க' என்ற ஒரே பெயரில் ஊர் அவர்களை அடக்கிவிடுகிறது. 2023 மார்ச்சில் பீகாரிகள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது, பாட்னாவிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போகும் அளவுக்குப் பீதி கிளம்பியது. தேக்காவில் தன் பிள்ளையை எப்படி நடத்தவேண்டும் என்று எதிர்பார்க்கும் வீடு, தன் தெருவில் வாடகைக்கு அறை கேட்கும் ஒடிசாக்காரரிடம் எப்படி நடந்துகொள்கிறது என்ற கேள்வியை இங்கே உரக்கக் கேட்பவர்கள் குறைவு.

ஒத்துப்போக வேண்டிய இன்னொருவர், நாற்பத்தைந்து வயதில் திரும்பி வருகிறவர். பிள்ளை கல்லூரியில் இருக்கும். அப்பாவை விடுமுறைக்கு வரும் விருந்தாளியாகவே அறிந்திருக்கும். பத்துப் பதினைந்து ஆண்டுகளாகப் பள்ளிக் கட்டணம், நகைக்கடன், நிலத்தகராறு எல்லாவற்றையும் தனியாகச் சமாளித்த மனைவியிடமிருந்து முடிவெடுக்கும் உரிமையைத் திரும்பக் கேட்டால் சண்டை வரும். கேட்காவிட்டால் அவருக்கு வேலையிருக்காது. சிங்கப்பூரில் கற்ற கம்பி வேலைக்கு இங்கே கிடைக்கும் கூலி பாதிகூட இல்லை. சிங்கப்பூரின் மத்திய சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. இருபது ஆண்டு உழைத்த பெர்மிட்காரருக்கு அதில் ஒரு வெள்ளியும் சேராது. தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் சனவரியில் அயலகத் தமிழர் நாள் கொண்டாடுகிறது, நல வாரியமும் வைத்திருக்கிறது. விபத்துக்கும் சாவுக்கும் காப்பீடு உண்டு. உயிரோடு, உடம்பு தளர்ந்து திரும்பி வருகிறவருக்கு என்ன உண்டு என்பதைப் பற்றித்தான் இனிப் பேசவேண்டும். குவாதலூப்பில் கரும்பு வெட்டப் போனவரின் கொள்ளுப்பேரன் பிரெஞ்சு அரசின் ஓய்வூதியம் வாங்குகிறார்.